ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை குடம் தண்ணீர்? ஆயில் இன்ஜின் வைத்திருப்போருக்கு

மும்பை ஹை எண்ணெய் வயல் 1974-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுபோன்ற பழைய வயல்களில் இப்போது எண்ணெயோடு தண்ணீரும் சேர்ந்து ஏறுகிறது. நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12-ல் சுமார் 3.8 கோடி டன். 2023-24-ல் அது 3 கோடி டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ராதாபுரம், நாங்குநேரி, மானூர் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. கிணற்றில் மேல் தண்ணீர் சுளுவாக வரும், அடித் தண்ணீருக்குத்தான் செலவு. சித்திரை, வைகாசியில் ஆயில் இன்ஜின் வைத்து வாழைக்கு இறைப்பவருக்கு எண்ணெய், தண்ணீர் இரண்டின் குறைவும் சேர்ந்தே வந்து நிற்கும்.

எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள். டேங்கில் டீசலை விளிம்பு வரை நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு அளவு ஜாடியால் மறுபடி விளிம்பு வரை ஊற்றினால், ஊற்றிய அளவுதான் ஒரு மணிச் செலவு. நல்ல நிலையில் உள்ள 5 எச்.பி. இன்ஜின் முழு லோடில் சுமார் ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். இன்ஜின் ஓடும்போதே 200 லிட்டர் பேரலைத் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள். 40 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். அதை ஒன்றேகாலால் வகுத்தால், ஒரு லிட்டர் டீசலுக்கு 14,400 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தால் 960 குடம். இந்தக் கணக்கைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும்.

குடம் குறைந்தால் இன்ஜினைக் குறை சொல்லாமல் முதலில் பைப்பைப் பாருங்கள். அதே அளவு தண்ணீர் மூன்று இஞ்ச் பைப்பில் போவதைவிட இரண்டரை இஞ்ச் பைப்பில் போகும்போது உராய்வு இழப்பு சுமார் இரண்டரை மடங்கு. பைப் திரும்பும் இடத்தில், சட்டென்று மடங்கும் முட்டு பெண்டுக்குப் பதில் வளைவு பெண்டு போடுங்கள். கிணற்றுக்குள் பைப்பின் அடி முனையில் இருக்கும் புட்வால்வின் சல்லடையில் பாசி அடைத்தாலும் தண்ணீர் குறையும். டெலிவரி பைப்பின் வாய் தொட்டி விளிம்புக்குச் சற்று மேலே இருந்தால் போதும். தண்ணீர் எட்டி விழுவது பார்க்க அழகுதான்; ஆனால் மொத்த உயரம் 10 மீட்டர் உள்ள இடத்தில் வாயை வீணாக ஒரு மீட்டர் தூக்கினால் டீசலில் பத்தில் ஒரு பங்கு போச்சு.

அடுத்தது புகை. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசலைப் பீய்ச்சும் நாசிலில் கோளாறு, அல்லது அளவுக்கு மீறிய லோடு. நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் முழுதாக எரியவில்லை. மெக்கானிக்கிடம் நாசிலையும், டீசல் பீய்ச்சும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் லைனில் சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும் வீண்தான்.

பம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே 20 அடிக்கு மேல் போனால் சக்ஷன், அதாவது பம்பு தண்ணீரை உறிஞ்சுவது, திணறும். பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் வரும், உள்ளே சுழலும் இம்பெல்லர் அரித்துப்போகும். அதற்காக இன்ஜினைக் கிணற்றுக்குள் படியில் இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அது கிணற்றுக்குள் தேங்கும். நிறுத்தப் போனவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார்.

அந்த ஆழம் வந்துவிட்டால் தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார்தான் வழி. கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் சோலார் போடலாம், 5 எச்.பி. மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் வேண்டும். மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இவ்வளவு நாளும் டீசல் விலைதான் கிணற்றுக்குக் காவலாக நின்றது. சோலாரில் அந்தக் காவல் இல்லை, வெயில் உள்ளவரை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்டால் போடுங்கள். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் மட்டத்தைப் பாருங்கள், விடிந்ததும் மறுபடி பாருங்கள். ராத்திரி ஊறியது இரண்டு அடி என்றால், மட்டம் இரண்டு அடி இறங்கியதும் அன்றைக்கு மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.