"அது எப்படித் தெரியும்?": தொல்லியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய வரலாற்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, "அது எப்படித் தெரியும்?" என்பது. முதல் பருவத்தில் இதைக் கேட்கிறவர்கள் சிலராவது இருப்பார்கள். கடைசிப் பருவத்துக்குள் அநேகமாக எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் பாடம் தள்ளிப்போகும், தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை என்பது அதற்குள் புரிந்துவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை வாயடைக்கச் செய்கிற தவறுகள். புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இவற்றைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுவது

மொகஞ்சதாரோவின் மேலடுக்குகளில், தெருவிலும் வீடுகளுக்குள்ளும், முறையாகப் புதைக்கப்படாத மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1940களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அவற்றைப் படுகொலையின் தடயமாகப் பார்த்தார். ரிக் வேதத்தில் கோட்டைகளைத் தகர்க்கும் இந்திரன் மீது பழியைப் போட்டார். 1964இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் பழைய அகழாய்வுப் பதிவுகளைத் திரும்ப எடுத்துப் படித்தார். அந்த எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்து அடுக்கைச் சேர்ந்தவை அல்ல; சண்டை மூண்டிருந்தால் உடல்கள் கிடந்திருக்க வேண்டிய கோட்டைப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. பின்னர் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடியும், படுகொலை என்று சொல்லுமளவுக்கு அவற்றில் வெட்டுக்காயங்கள் இல்லை என்று கண்டார்.

இந்தக் கதையை நாம் வகுப்பில் எப்படிச் சொல்கிறோம்? "வீலர் படையெடுப்பு என்றார், இன்று அது ஏற்கப்படுவதில்லை" என்று ஒரே வரியில். மாணவர் குறித்துக்கொள்வார். முன்பு வீலரை நம்பியவர் இப்போது நம்மை நம்புகிறார். மற்றபடி எதுவும் மாறவில்லை. அதற்குப் பதிலாக, எலும்புகள் எங்கே, எந்த அடுக்கில், எந்த நிலையில் கிடந்தன என்பதை மட்டும் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் விவாதிக்க விடுங்கள். பாதிப் பேர் வீலரின் பக்கம் போவார்கள். போகட்டும். அடுத்த வகுப்பில் டேல்ஸின் வாதத்தைக் கொண்டுவந்தால், தங்கள் வாதத்தில் எந்தக் கண்ணி அறுந்தது என்று அவர்களே தேடுவார்கள். பாடத்திட்டத்தில் ஓர் அலகு குறையும்தான். குறையட்டும்.

மண்ணை நூலுக்குப் படமாக்குவது

இலக்கியம் சொன்னதை அகழாய்வு "உறுதிப்படுத்துகிறது" என்ற சொற்றொடர் வரும் இடமெல்லாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிராய் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரை நம்பித் துருக்கியில் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமன், 1873இல் ஒரு பெரும் பொற்குவியலை எடுத்து அதற்கு டிராய் மன்னன் பிரியாமின் புதையல் என்று பெயரிட்டார். அது கிடைத்த அடுக்கு, டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. அதைவிடக் கொடுமை, அவர் தேடிவந்த காலத்துக்கு உரிய அடுக்குகளில் ஒரு பகுதியை அவருடைய பெரும் பள்ளமே வெட்டித் தள்ளிவிட்டது. கையில் ஏற்கெனவே விடை இருந்தால் கண்ணெதிரே இருப்பது தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அரிக்கமேட்டையும் பாருங்கள். 1945இல் வீலர் அங்கே கிடைத்த இத்தாலியச் செம்மட்கலங்களைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலப் பிடிமானத்தை உண்டாக்கினார். அது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊருக்கு "ரோமானிய வணிகத் தலம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு செய்த அகழாய்வு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்ததையும், ஊரின் வாழ்வு வீலர் நினைத்ததைவிட நீண்டதையும் காட்டியது. அப்படியும் பல வகுப்புகளில் பழைய தலைப்போடுதான் படம் ஓடுகிறது. நூலில் இருப்பதையும் மண்ணில் இருப்பதையும் முதலில் தனித்தனியாக வாசிக்க வைத்துவிட்டு, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே முறை. அவை முரண்படும் இடத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும்.

ஆழம் கூடினால் பழமை கூடும் என்று விட்டுவிடுவது

மண்ணடுக்குப் பாடத்தை ஒரே வகுப்பில் முடிக்கிறவர்கள் அதிகம். கரும்பலகையில் கிடைமட்டமாக ஐந்து கோடு போட்டு, கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்று சொன்னால் முடிந்தது. உண்மையான அகழ்வுக்குழி எதுவும் அப்படி இருக்காது. பின்னால் வந்தவர்கள் கிணறு வெட்டியிருப்பார்கள், குப்பைக்குழி தோண்டியிருப்பார்கள், அடித்தளம் போட மண்ணைப் பறித்திருப்பார்கள். எலி வளை போட்டிருக்கும், வேர் இறங்கியிருக்கும். இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஓர் ஓடு, பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பதைவிடப் பிந்தியதாக இருக்கலாம், அது ஒரு குழியின் அடியில் கிடந்தால். தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டினால் பழைய பொருள் புதிய தரையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உருவாக்கிய வரிசைக் கட்டம் இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் படிந்திருக்கிறது என்ற உறவுகளை மட்டும் கொண்டு நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் வழி அது. இதை விளக்கிச் சொல்வதில் பயன் குறைவு. செய்ய வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடுக்குகள், இரண்டு குழிகள், அடித்தளப் பள்ளத்தோடு ஒரு சுவர் என்று, குழியின் பக்கச்சுவரில் தெரிவதைக் காட்டும் ஒரு வெட்டுமுகப் படம் வரைந்து, அடுக்கு எண்களை வேண்டுமென்றே கலைத்துக் கொடுங்கள். வரிசையைக் கண்டுபிடித்த பிறகு, நடுவில் ஓர் அடுக்கில் ஒரு நாணயத்தை வையுங்கள். அடுக்கின் காலம் என்ன என்று கேட்டால், நாணயத்தில் உள்ள அரசனின் காலத்தையே பலரும் எழுதுவார்கள். அந்த நாணயம் அச்சான பிறகுதான் அடுக்கு மூடியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பத்தாண்டு கழித்தா, இருநூறு ஆண்டு கழித்தா என்பதை மற்றச் சான்றுகள்தான் சொல்ல வேண்டும். ஒரு பருவம் முழுக்க வேறெதுவும் நடத்தாமல் இதை மட்டும் நடத்தினாலும் எனக்குச் சம்மதமே.

ஆய்வகத் தாளைக் கடைசி வார்த்தையாக்குவது

வில்லார்ட் லிபியும் அவர் குழுவும் 1949இல் கார்பன் 14 காலக்கணிப்பை வெளியிட்டார்கள். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கார்பன் 14 பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், 5,730 ஆண்டு என்பது வரைக்கும் எல்லா மாணவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆய்வகம் தரும் எண் எதன் காலம் என்று கேட்டால் தடுமாறுவார்கள். ஓர் உயிர் இறந்து, காற்றிலிருந்து கார்பன் எடுப்பதை நிறுத்திய காலம் அது. அடுப்புக்கரியாகக் கிடைத்தது முதிர்ந்த மரத்தின் உள்வளையம் என்றால், அடுப்பு எரிந்த நாளுக்குப் பல பத்தாண்டு, ஏன் நூற்றாண்டுகூட, முந்திய காலம் வரும். பக்கத்தில் கிடந்த பானையின் வயதும் அதுவே என்பது ஆய்வகம் சொல்வதல்ல; இரண்டும் ஒன்றாகப் புதைந்தன என்று களத்தில் நாம் செய்யும் ஊகம்.

இன்னொரு சிக்கலைப் பாடநூல்கள் தொடுவதே இல்லை. காற்றில் கார்பன் 14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் ஆய்வக அளவீட்டை மரவளையங்களைக் கொண்டு தயாரித்த வளைகோட்டோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அந்த வளைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது இறந்த பொருளானாலும் அளவீடு கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் தரும். திருத்திய பிறகு விடை முந்நூறு, நானூறு ஆண்டு அகலத்துக்கு விரியும். கங்கைச் சமவெளியில் நகரங்கள் எழுந்ததும், கிரேக்கத்தில் நகர அரசுகள் உருவானதும் அந்த இடைவெளியில்தான். இயற்கைக்குக் குறும்பு அதிகம். மாணவர்களோ, ஆசிரியர்களும்தான், விரிந்த வீச்சின் நடுப்புள்ளியை எடுத்து ஒரே ஓர் ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். வீச்சை வீச்சாகவே எழுதப் பழக்குங்கள். உண்மைக் காலம் அந்த வீச்சுக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 68 விழுக்காடா, 95 விழுக்காடா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கூட்டல் கழித்தலையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. ஆய்வகத் தாளில் "இன்றைக்கு முன் 2500" என்று இருப்பதைக் கி.மு. 2500 என்று படிப்பவர்கள் முதுகலையிலும் உண்டு. அங்கே இன்று என்பது 1950. பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதும் மறந்துபோகும். கி.மு. 44இல் சீசர் கொலையுண்டதற்கும் கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்ததற்கும் இடையே 57 ஆண்டு, 58 அல்ல.

பொன்னையும் கல்லையும் மட்டும் காட்டுவது

1922இல் திறந்த துட்டன்காமன் கல்லறையின் படத்தைக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், உண்மைதான். ஆனால் சாதாரண மனிதர் எதை வாங்கினார், எதைத் தின்றார் என்பதைச் சொல்வது குப்பை. ரோம் நகரில் மோன்டே டெஸ்டாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரம். முழுவதும் உடைந்த ஜாடி ஓடுகள். பெரும்பாலும் ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகள். பலவற்றில் எடை, வணிகர் பெயர், ஆண்டு எல்லாம் மையால் எழுதியிருக்கும். ஒரு பேரரசு தன் தலைநகருக்கு எப்படிச் சோறு போட்டது என்பதை எந்தப் பொன்முகமூடியும் இப்படிச் சொல்லாது.

படம் காட்டும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்: பொருள் எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று ஒவ்வொரு படத்திலும் எழுத வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்று எழுத வேண்டும். கிரேக்கத்தின் சைக்ளாடிக் தீவுகளைச் சேர்ந்த பளிங்குச் சிற்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், அவை கொள்ளைக் குழிகள் வழியே சந்தைக்கு வந்தவை என்பதால். திருட்டுத் தோண்டலால் என்ன இழந்தோம் என்பதற்குத் தனி விரிவுரை தேவைப்படாது.

எஞ்சியதே எல்லாம் என்ற மயக்கமும் இதோடு சேர்ந்தது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்சி என்ற மனிதன், ஏறத்தாழ கி.மு. 3300ஐச் சேர்ந்தவன், தோலாடை, புல்லால் வேய்ந்த மேலங்கி, புல் திணித்த காலணி, மரப்பட்டைக் கலங்கள், யூ மர வில் ஆகியவற்றோடு கிடைத்தான். அவன் சாதாரண மண்ணில் விழுந்திருந்தால் ஒரு செம்புக் கோடரித் தலையும் சில கல் முனைகளும்தான் மிஞ்சியிருக்கும். ஓட்சியின் உடைமைப் பட்டியலைக் கொடுத்து, மக்கிப்போகக்கூடியவற்றை அடிக்கச் சொல்லுங்கள். "கற்காலம்" என்று நாம் பேசுவது எவ்வளவு ஓட்டையானது என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஏணியும் முத்திரையும்

வேட்டை, பிறகு வேளாண்மை, பிறகு கோயில், பிறகு நகரம் என்ற ஏணிப்படி வசதியானது. துருக்கியில் 1995 முதல் கிளாஸ் ஷ்மித் தோண்டிய கோபெக்லி டெபேயில், வேளாண்மை வேரூன்றுவதற்கு முன்பே வேட்டையாடி உணவு சேர்த்தவர்கள் பல டன் எடையுள்ள தூண்களை நட்டிருக்கிறார்கள். அது வெறும் வழிபாட்டிடம், யாரும் அங்கே வசிக்கவில்லை என்பது ஷ்மித்தின் கருத்து. பின்னால் கிடைத்த குடியிருப்புக் கட்டடங்கள் அதையும் திருத்தச் சொல்கின்றன. ஏணியை நடத்தாதீர்கள், தேர்வுக்காக நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அது எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்து நடத்துங்கள்.

ஒரு பானை வகைக்கு ஓர் இனம் என்று முத்திரை குத்துவது இன்னும் ஆபத்தானது. ஜெர்மனியில் தொல்லியலாளர் குஸ்தாஃப் கோசின்னா அப்படிச் செய்ததை நாஜிகள் எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியும். பானை சந்தை வழியாகப் போகும், திருமணம் வழியாகப் போகும், பார்த்துச் செய்வதாலும் போகும். இப்போது பானையின் இடத்தில் பண்டைய மரபணுவை வைத்து அதே தவறு நடக்கிறது.

விண்வெளிக் கதைகளைச் சிரித்து ஒதுக்குவது

பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகளா என்று ஒரு மாணவர் இணையக் காணொளியோடு வந்து நிற்பார். சிரித்து அனுப்பினால் அவர் காணொளியிடமே திரும்பிப் போவார். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் டலேயின் குழு கண்டெடுத்த பப்பைரஸ் சுருள்களை அவர் முன்னால் வையுங்கள். கீசாவில் பெரிய பிரமிடு எழுந்த கூஃபு மன்னன் காலத்தில் மெரெர் என்ற மேற்பார்வையாளர், துரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குத் தன் ஆட்களோடு படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன வேலையை நாள்வாரியாக எழுதிய குறிப்பு அதில் இருக்கிறது. அந்த மாணவர் கேட்டதும் "அது எப்படித் தெரியும்?" என்பதைத்தான், கொஞ்சம் கோணலாக.

களமும் வினாத்தாளும்

அகழாய்வுக் களத்துக்கு அழைத்துப்போய் மண் கூடையைத் தூக்கவிட்டால் தொல்லியல் வந்துவிடாது. பதிவேட்டை நிரப்ப வைக்க வேண்டும், ஓடுகளைக் கழுவிப் பிரித்து எண்ணிட வைக்க வேண்டும். தோண்டலைவிட அதற்குப் பிறகான வேலைதான் பெரிது. களத்துக்குப் போக வாய்ப்பில்லாத துறைகள், கிடங்கில் தூங்கும் ஓட்டு மூட்டைகளை அவிழ்த்தாலே ஒரு பருவத்துக்குப் போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, தேர்வில் "சிந்துவெளி நாகரிகத்தின் சிறப்பியல்புகளைப் பட்டியலிடுக" என்று கேட்டால், மாணவர்கள் நம்மை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு வெட்டுமுகப் படம், மூன்று கார்பன் அளவீடுகள், ஒரு நாணயம் கொடுங்கள். அளவீடுகளில் ஒன்று வரிசைக்குப் பொருந்தாததாக இருக்கட்டும். சுவர் எப்போது எழுந்திருக்கும், பொருந்தாத அளவீட்டை ஒதுக்குவீர்களா, எந்தக் காரணத்தால் என்று கேளுங்கள். திருத்த இரண்டு மடங்கு நேரம் ஆகும். பெரிய வகுப்பாக இருந்தால் இப்படி ஒரே ஒரு வினா போதும், ஆனால் அதைக் கட்டாய வினாவாக வையுங்கள். விருப்ப வினாவாக வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.