திரையில் மின்னிய படம் சுவரில் ஏன் மங்கிப்போகிறது? கண்காட்சி வைக்கும் ஒளிப்படக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காலையை எங்கள் குழுவில் ஒரு தம்பி எடுத்திருந்தார். இன்னும் விடியாத நேரம். தீப்பந்த வெளிச்சத்தில், ஆற்றுக்குள் நெருக்கியடித்து நிற்கும் முகங்கள். மடிக்கணினியில் பார்த்தபோது ஒவ்வொரு முகமும் தெரிந்தது. எங்கள் முதல் கண்காட்சியில் அதைத்தான் வாசலுக்கு நேரே மாட்டுவது என்று முடிவு செய்தோம். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு லேபிலிருந்து பிரிண்ட் வந்தது. மேலே தங்கக் குதிரை, கீழே ஒரே கறுப்பு. ஒரு முகம்கூட இல்லை. இரண்டு நாளும் அந்தத் தம்பி படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, "இங்க எல்லாம் ஆளுங்க இருக்காங்க சார்" என்று வந்தவர்களுக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

லேப் மேல் குற்றம் இல்லை. நாங்கள் அனுப்பியதைத்தான் அவர்கள் அடித்துக் கொடுத்தார்கள். மண்டபம் பிடிப்பது, சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்குவது, நோட்டீஸ் அடிப்பது, டீக்குச் சொல்வது என்று எல்லாம் முடிந்த பிறகு பிரிண்டுக்குக் கொடுத்தோம். அதுதான் தவறு. அமெச்சூர் குழுக்களின் கண்காட்சிகளில் நான் பார்க்கும் மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. இப்போது நாங்கள் மண்டபம் பிடிப்பதற்கு முன்பே பிரிண்ட் போடத் தொடங்கிவிடுகிறோம்.

திரையை நம்புவது

திரை தானே ஒளி விடும். காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். போனையும் மடிக்கணினியையும் நாம் முழு வெளிச்சத்தில் வைத்தே பழகியிருக்கிறோம். அந்த வெளிச்சத்தில் எடிட் செய்யும்போது, படம் போதுமான அளவு பிரகாசமாக இருக்கிறது என்று கை நின்றுவிடுகிறது. பிரிண்டில் அதே படம் ஒரு படி, சில நேரம் ஒன்றரைப் படி இருட்டாக வரும். நிழல் பகுதியில் இருக்கும் விவரம்தான் முதலில் காணாமல் போகும். தம்பியின் படத்தில் நடந்தது இதுதான்.

பிரிண்டுக்காக எடிட் செய்யும்போது திரையின் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அறை விளக்கில் அந்தத் தாள் எப்படித் தெரிகிறதோ அந்த அளவுக்குத் திரையின் வெள்ளையும் இருக்கிறதா என்று பாருங்கள். திரையை அளந்து சரிசெய்யும் தனிக் கருவி வாங்க முடியாதவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். அப்புறம் ஒரே படத்தை மூன்று வெவ்வேறு வெளிச்சத்தில் சின்னதாக டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அழகர் படத்தை இரண்டாம் ஆண்டு அப்படித்தான் மீட்டோம். மூன்றில் நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். முகங்கள் திரும்பி வந்தன.

ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்குவது

குழுவில் இருபது பேர் இருந்தால் பதினைந்து பேர் படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். வழக்கமான தரத்தில் அனுப்பும் படம் நீளவாக்கில் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அதை 12-க்கு 18 அங்குலத்தில் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூட வராது. கையில் எடுத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு 300 நல்லது, 240 தாராளம். 24 மெகாபிக்சல் கேமராவின் அசல் ஃபைல் 12-க்கு 18-ஐ 300-லேயே தாங்கும். அதையே 20-க்கு 30 ஆக்கினால் 200 வரும். நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும்.

படங்களை வாங்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அசல் ஃபைலாக, கூகுள் டிரைவிலோ பென் டிரைவிலோ அவர் வாங்கட்டும். எல்லாப் படங்களையும் எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற வெளிக்கு, அதாவது பெரும்பாலான திரைகளும் லேப் இயந்திரங்களும் எதிர்பார்க்கும் நிற முறைக்கு, மாற்றிய பிறகே லேபுக்குப் போகட்டும். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) வெளியில் இருக்கும் ஃபைலை அதைக் கவனிக்காத இயந்திரத்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். மஞ்சள் பூசிய முகமெல்லாம் சாம்பல் தட்டிப் போகும்.

அளவையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் படம் 3-க்கு 2 விகிதம், போன் படம் 4-க்கு 3. போன் படத்தை 12-க்கு 18-ல் நிரப்பினால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கேமரா படத்தை 16-க்கு 20-ல் நிரப்பினால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். எதை வெட்டுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால் இயந்திரம் முடிவு செய்யும். ஜல்லிக்கட்டுப் படம் ஒன்றில் எங்களுக்கு மாட்டின் கொம்பு நுனி போயிற்று. வெட்ட மனமில்லை என்றால் வெள்ளை ஓரம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஆளுக்கு ஐந்து படம்

எனக்கு அதிகம் பேசத் தோன்றுவது இதைப் பற்றித்தான். குழுவாகச் சேர்ந்து கண்காட்சி வைப்பதன் பலனே, நம் படத்தை நம்மைத் தவிர வேறு கண்கள் பார்ப்பதில் இருக்கிறது. ஆனால் பல குழுக்கள் அந்த வேலையைச் செய்யாமலே விட்டுவிடுகின்றன. ஆளுக்கு ஐந்து என்று பங்கு பிரித்து, கொடுத்ததை எல்லாம் மாட்டிவிடுகிறார்கள். இருபது பேருக்கு நூறு படம். முப்பதாவது படத்தைத் தாண்டும்போதே பார்ப்பவரின் கண் களைத்துவிடும். யார் மனமும் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம், புரிகிறது. ஆனாலும் அதனால் நல்ல படங்கள்தான் கூட்டத்தில் தொலைகின்றன.

நாங்கள் இப்போது செய்வது இது. போட்டியிடும் எல்லாப் படங்களையும் 4-க்கு 6 அளவில் மலிவாகப் போட்டு எடுத்து வருவோம். பெயர் இல்லாமல், பின்னால் எண் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தரையில் பாயை விரித்து அத்தனையையும் பரப்பிவிடுவோம். சுற்றி நடந்து பார்ப்போம். வேண்டாம் என்று தோன்றுவதைக் கவிழ்த்து வைக்கலாம், கவிழ்த்ததை வேறு யாராவது நிமிர்த்தலாம். எடுத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். இந்த ஒரு விதி மிக முக்கியம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தது, இடுப்பளவு தண்ணீரில் நின்றது எல்லாம் எடுத்தவருக்குத் தெரியும். படத்துக்குள் அது இல்லை என்பது மற்றவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி ஒரு மதியத்தில், குழுவில் இருக்கும் ஓர் அக்கா பாயின் நடுவில் உட்கார்ந்து பதினொரு படங்களைத் தனியே எடுத்து வரிசையாக வைத்தார். பதினொன்றும் சுருக்கம் விழுந்த கிழவிகளின் நெருக்கமான முகங்கள். வெவ்வேறு ஆட்கள் எடுத்தவை. "இவங்க யாரு, என்ன வேலை செய்யறாங்க, ஒருத்தர் பேராவது தெரியுமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அன்று பத்துப் படங்கள் கவிழ்ந்தன. எடுத்தவர் அந்தப் பாட்டியிடம் திரும்பிப் போய்ப் பேசுவதாகச் சொன்ன ஒரு படம் மட்டும் நின்றது. திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

ஆளுக்கு ஒரு படம் நிச்சயம் உண்டு என்பதை மட்டும் நான் விடமாட்டேன். இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. வந்தவர் எல்லாருக்கும் சுவரில் ஓர் இடம் இருக்க வேண்டும். இரண்டாவது படத்திலிருந்து பாய்தான் முடிவு செய்யும். மதிப்பெண் போடும் போட்டிகளில் ஒரு படம் தனியாக நின்று ஜெயித்தால் போதும். சுவரில் அப்படி இல்லை, பக்கத்துப் படத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். அடுத்தடுத்து எது வரும் என்பதையும் அந்தப் பாயிலேயே நகர்த்தி நகர்த்தித்தான் கண்டுபிடிக்கிறோம்.

காகிதத்தில் ஏமாறுவது

ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். ரோட்டில் போகிறவர் இருபதடி தள்ளிப் படிப்பதற்கு அது சரி. மூன்றடியில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சன்போர்டு என்ற நுரைப் பலகையில் ஒட்டுவது மலிவு, தூக்கவும் சுலபம். ஆனால் மதுரை வெயிலில் ஓரம் வளைந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு என்றால் 5 மில்லிமீட்டர் பலகையாகக் கேளுங்கள்.

பளபளப்பான கிளாஸி காகிதம் கறுப்பை நன்றாகக் காட்டும், கூடவே எதிர்ச் சுவரின் டியூப்லைட்டையும் காட்டும். மேட் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லஸ்டர் காகிதம்தான் வாடகை மண்டபங்களுக்கு ஏற்றது என்பது என் அனுபவம். பருத்திக் காகிதத்தில் நிறமி மையில் போடும் பிரிண்ட் மிக அழகு. பல ஆண்டு நிறம் மாறாமலும் இருக்கும். ஆனால் அதன் விலைக்கு ஒரே தடவைதான் போட முடியும் என்றால், சாதாரண லேப் காகிதத்தில் இரண்டு தடவை போட்டுத் திருத்திக்கொள்வதே மேல்.

இங்கேயும் குழு பெரிய துணை. தனியாள் ஒரு படத்தோடு போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நாற்பது படத்தோடு போகும் குழுவுக்கு லேப்காரர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார். தானாக நிறம் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு அடிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேண்டுமென்றே வைத்த மாலை மஞ்சளை அது வெள்ளையாக்கிவிடும்.

பிரிண்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் லின்னேயஸ் ட்ரைப்பைப் பற்றிச் சொல்வேன். 1858-ல் மதுரையின் மீனாட்சி கோவிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் படமெடுத்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி, கேமரா அவருக்கு முதலில் ஆசைக்குத்தான். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் ஹளேபீடு, பேலூர் கோவில்களின் படங்களை வைத்துப் பாராட்டுப் பெற்றார். அதன் பிறகுதான் அரசாங்க ஒளிப்படக்காரர் ஆனார். பர்மாவில் எடுத்த 120 படங்களை 50 தொகுதிகளாகப் போட்டுக் கொடுத்தார். ஆறாயிரம் பிரிண்ட், எல்லாம் கையால். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக வரும் என்பதால், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார்.

ஃபிரேம், உயரம், வெளிச்சம்

நம் ஊர் ஃபிரேம் கடைகள் சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் பழகியவை. சொல்லாவிட்டால் பூ வேலை செய்த தங்க நிறச் சட்டம் வந்துவிடும், கண் படத்துக்குப் போகாது. முக்கால் அங்குலத்தில் மொட்டைக் கறுப்புச் சட்டம் கேளுங்கள். கண்ணாடி போட்டால், படம் அதில் தொடாமல் இடைவெளி விடும் மவுண்ட் அட்டை உள்ளே கட்டாயம். கண்ணாடியில் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் பிரிண்ட், ஈரக் காற்றில் ஒட்டிக்கொண்டு பிறகு உரிந்துதான் வரும். மூன்று நாள் கண்காட்சிக்குக் கண்ணாடியே வேண்டாம் என்பேன்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலேமுக்கால் அடியில் இருக்கட்டும். உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பரவலாகப் பின்பற்றும் அளவு அது. ஆணி எங்கே இருக்கிறதோ அங்கே மாட்டினால் எல்லாரும் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். மண்டபத்தை, கண்காட்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலை நாலு மணி வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்தச் சுவரில் விழுகிறது என்று காலையில் போனால் தெரியாது.

படத்தில் இருப்பவரை அழைக்காமல் விடுவது

விளக்க அட்டையில் லென்ஸும் ஷட்டர் வேகமும் எழுதுகிறோம். முன்னால் நிற்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. எந்த ஊர், என்ன வேலை, என்ன நாள், சம்மதம் இருந்தால் ஆளின் பெயர், இவை போதும். கண் வைத்துத் தேடாத அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

அக்கா கேட்டதற்கு அப்புறம், நிமிர்ந்து நின்ற அந்த ஒரு பாட்டியை எடுத்தவர் திரும்பிப் போய்ப் பார்த்தார். செல்லூர்ப் பக்கம் பூக்கட்டுகிறவர். பெயர் போடச் சம்மதித்தார். கண்காட்சியின் இரண்டாம் நாள் பேத்தியோடு வந்து, தன் முகத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "கட்டுற கையை எடுக்கலியேப்பா" என்றார். அடுத்த வாரம் அவர் கையை எடுக்கப் போனார்கள். அந்தப் பிரிண்டில் ஒன்று இப்போது பூக்கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.