பெரியவர் லீவில போனா பதில் கடமைக்கு ஆள் போடுறது எப்பிடி?

திருகோணமலையில ஒரு அரசாங்க ஒஃபிஸ்ல நிர்வாகக் கிளையில இருக்கிறன். ஒஃபிஸ் பெரியவர் இல்லாத நேரம் அவற்ற கதிரைக்குத் தற்காலிகமா இன்னொரு ஆளைப் போடுற இந்த வேலை வருசத்துக்கு நாலஞ்சு தரம் என்ட மேசைக்கு வரும், அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் கொழும்பு பஸ்ஸுக்கு ஓடுற நேரம் பாத்துத்தான் வரும். புதுசா வந்த பிள்ளையளுக்காக எழுதுறன்.

முதல்ல பாருங்க, ஆள் தான் இல்லையா, இல்ல கதிரையே காலியா எண்டு. 2022 ஜூலைய நினைச்சுப் பாருங்கோ. 13ஆம் திகதி அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய மாலைதீவுக்குப் போனதோட பிரதமர் ரணில் பதில் ஜனாதிபதி, அது அரசியலமைப்பின்ட 37ஆம் உறுப்புரை, ஆள் நாட்டில இல்லை எண்ட கணக்கு. 15ஆம் திகதி ராஜினாமா உறுதியானதும் அதே ரணில் பதில் ஜனாதிபதியா சத்தியப்பிரமாணம் எடுத்தார், இப்ப 40ஆம் உறுப்புரை, கதிரை காலி. ஆளும் அதே ஆள், பதவியும் அதே பதவி, கடதாசி மட்டும் வேற. எங்கட ஃபைலும் அப்பிடித்தான், லீவு, வெளிநாட்டுப் பயிற்சி எண்டா தொடங்குற திகதியும் முடியிற திகதியும் போடோணும், பென்சன் எண்டா நிரந்தர நியமனம் வரும் வரைக்கும் எண்டு தெளிவா எழுதோணும்.

அடுத்தது ஆர் போடுறது. நிரந்தரமா நியமிக்கிற அதிகாரம் ஆரிட்ட இருக்கோ அவை, இல்லாட்டி அவை அதிகாரம் பாரம் குடுத்த ஆள். அமைச்சுச் செயலாளர் எண்டா ஜனாதிபதி, மாகாண சேவை எண்டா மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுப் பக்கம். பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் மாதிரிப் பதவியளுக்கு 14 நாளுக்கு மேல பதிலுக்கு ஆள் போடுறதெண்டா உயர் பதவி நியமனங்களைப் பாக்கிற அரசியலமைப்புப் பேரவையின்ட ஒப்புதல் வேணும், 14, 14 நாளா ஒட்டிக்கொண்டே போகவும் ஏலாது. "நான் போறன், நீர் பாத்துக்கொள்ளும்" எண்டு பெரியவர் வாயால சொல்லிட்டுப் போறது நியமனம் இல்லை, நல்லா விளங்கிக்கொள்ளுங்க.

ஆளைத் தெரிவு செய்யேக்க தரத்தோட தூரத்தையும் பாருங்க. வெருகல் எங்கட திருகோணமலை மாவட்டத்தின்ட தெற்குத் தொங்கல், பதவி ஸ்ரீபுர வடமேற்கு மூலை, அங்க இருக்கிற ஆளுக்கு இங்கயும் சேர்த்துக் குடுத்தா ரெண்டு பக்கமும் சனம் தான் காத்துக் கிடக்கும். மூதூரில இருந்து வெருகலுக்கு வாறது எண்டாலும் பரவாயில்ல.

இனி லெட்டர். நான் முந்தி இருந்த ஒரு ஒஃபிஸ்ல லெட்டரில 14ஆம் திகதி வரை எண்டு கிடந்தது, பெரியவர் வந்தது 17ஆம் திகதி. இடையில பதில் ஐயா பாவம் வழமை போல வவுச்சர் எல்லாத்துக்கும் சைன் வச்சிட்டார், எட்டு மாசம் கழிச்சு கணக்காய்வு ஐயவினா, அதுதான் ஓடிட்காரர் விளக்கம் கேக்கிற கடிதம், வந்தது, எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. முன்திகதி போட்டு இன்னொரு லெட்டர் அடிப்பமா எண்டு ஒருத்தர் கேட்டார், அந்த வேலைக்கு மட்டும் போகாதீங்க. லீவு நீளுது எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே நீடிப்புக்கு எழுதுங்க.

காசு விசயத்துக்கு நிதி அதிகாரத்தைத் தனியா எழுத்தில வாங்கோணும், வங்கிக்கு மாதிரிக் கையொப்பம் போகோணும். சேஃப் திறப்பு, ரப்பர் சீல், செக் புத்தகத்தில கடைசியா எழுதின நம்பர், இதுகளப் பட்டியல் போட்டு ரெண்டு பேரிட்டயும் சைன் எடுங்க. பெரியவர் திரும்பி வந்தோடன அதே பட்டியலை வச்சுத் திருப்பி எடுக்கோணும், ரப்பர் சீலை ஆரும் ஞாபகமாக் கேக்கிறேல்ல, நீங்க கேளுங்க.