புதுக் காருக்குள் கெட்ட வாடை: மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் கதவைத் திறந்தால் ஏதோ ஒரு வாடை. உடன் வருபவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிக்கொள்வார்கள். இந்தக் கட்டத்தில் நம்மில் பெரும்பாலானோர் ஒரு வாசனைப் புட்டியை வாங்கி ஏசி துவாரத்தில் மாட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எலுமிச்சை கலந்த கெட்ட வாடை கிடைத்தது.

வாசனைப் புட்டி வாடையை மறைப்பதோடு நிற்பதில்லை. மூலத்தைத் தேட வேண்டிய மூக்கையும் குழப்பிவிடுகிறது. எனவே அதை முதலில் கழற்றுங்கள். ஸ்பிரே, பொடி எதையும் ஒரு வாரத்துக்கு உள்ளே அடிக்காதீர்கள்.

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஒரு டார்ச், ஒரு கட்டு வெள்ளை டிஷ்யூ காகிதம், மூடி போட்ட நான்கைந்து கண்ணாடிப் புட்டிகள், குறித்துக்கொள்ள ஒரு தாள் போதும். இவற்றோடு இன்னொருவரின் மூக்கும் வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

மூன்று வாடைகளை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. பெட்ரோல் நெடி விடாமல் அடித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். அருகில் யாரும் நெருப்புப் பற்றவைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கோ ஒயரோ தீயும் வாடை வந்தால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். சைலன்சர் புகையின் வாடை உள்ளே வந்தால் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நம் மூக்கில் படுவது அதனுடன் சேர்ந்து வரும் மற்ற பொருட்கள்தான். தலைவலியும் மயக்கமும் தொடங்கும்வரை காத்திருப்பது ஆபத்து. இந்த மூன்றிலும் வண்டியை ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகாதீர்கள். வண்டி இருக்கும் இடத்துக்கு அவர்களை வரச் சொல்லுங்கள்.

மற்ற வாடைகளை நிதானமாகத் தேடலாம்.

படி 1: மூக்கை ஏமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

எந்த வாடையும் சில நிமிடங்களில் பழகிவிடும். உள்ளே உட்கார்ந்துகொண்டே பத்து நிமிடம் முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. வண்டியை இரவு முழுவதும் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி மூடி வையுங்கள். காலையில் வெளிக்காற்றில் சற்று நேரம் நின்றுவிட்டு, ஒரு கதவை மட்டும் திறந்து தலையை நுழையுங்கள். முதல் இரண்டு மூச்சில் தோன்றுவதை உடனே எழுதிவிடுங்கள். அதன் பிறகு எழுதுவதில் பாதி நம் கற்பனை.

இதே சோதனையை ஒவ்வொரு கதவிலும், கடைசியில் டிக்கியிலும், இடையிடையே வெளிக்காற்று வாங்கிக்கொண்டு செய்யுங்கள். பிறகு அந்த வண்டியில் அடிக்கடி ஏறாத ஒருவரை அழைத்து அவரையும் முகரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

படி 2: வாடை எப்போது வருகிறது?

மெக்கானிக்கிடம் போனால் நாம் சொல்வது "ஒரு மாதிரி நாறுகிறது" என்பதுதான். அதை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? வாடை எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பது அதிகம் சொல்லும். கீழே இருக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து, வாடை கூடியதா, குறைந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

1. எஞ்சின் அணைந்திருக்கும்போது, மூடிய வண்டியில்.
2. ஏசி இல்லாமல், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி மின்விசிறி மட்டும்.
3. ஏசி போட்ட முதல் ஒரு நிமிடம். பிறகு பத்து நிமிடம் கழித்து.
4. கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்தி, உள்காற்றையே சுற்றவிட்டு.
5. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து.
6. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும், உள்ளேயும் வெளியே நான்கு சக்கரங்களின் அருகிலும்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதே வாடை அடித்தால் சந்தேகம் இருக்கை, தரை, டிக்கி மேல் விழ வேண்டும். மின்விசிறி சுழன்றதும் வந்தால் காற்று வரும் பாதையில் ஏதோ இருக்கிறது. வெளிக்காற்றில் மட்டும் வந்து உள்சுழற்சியில் மறைந்தால், வாடை பானெட்டுக்குள்ளிருந்தோ சாலையிலிருந்தோ வருகிறது. ஓடிய பிறகு மட்டும் வந்தால் சூடாகும் பாகங்களைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு தாளிலேயே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

படி 3: வாடைக்குப் பெயர் வையுங்கள்

நல்லவேளையாகத் தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. நெடி, கருகல், முடை, வீச்சம், புளிப்பு, கமறல் என ஒவ்வொன்றும் வேறுவேறு திசையைக் காட்டும். பொதுவாக "நாற்றம்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். (ஒரு காலத்தில் அந்தச் சொல் நறுமணத்தையும் குறித்தது, இப்போது அது காருக்குள் உதவாது.)

பிளாஸ்டிக், பசை, புதுத்தோல் கலந்த நெடி என்றால், பிளாஸ்டிக்கிலிருந்தும் பஞ்சிலிருந்தும் பசையிலிருந்தும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் காரணமாக இருக்கலாம். வெயிலில் நின்ற வண்டியில் இது கடுமையாக இருக்கும். வாரங்கள் செல்லச் செல்லக் குறையும். ஏறுவதற்கு முன் கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள். குறையாமல் கூடிக்கொண்டே போனால் மட்டும் கவலைப்படலாம்.

கருகல் வாடையில் பல வகை உண்டு. புத்தம்புது வண்டியில், சைலன்சர் குழாய் மீதிருக்கும் எண்ணெய்ப் பூச்சும் மெழுகும் முதல் சில பயணங்களில் தீய்ந்து அடங்கும். காகிதம் கருகியது போல வந்தால் கிளட்ச். மேடான சாலையில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் காரணம் உங்கள் கால்தான். ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் கடுமையாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். கைபிரேக்கை முழுதாக விடாமல் ஓட்டினீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டி உருகுவதும் உண்டு. டீசல் வண்டியில், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேளையிலும் சூடான வாடை வரும். அப்போது எஞ்சினை நிறுத்திய பிறகும் அதைக் குளிர்விக்கும் விசிறி ஓடிக்கொண்டிருக்கலாம்.

அழுகிய முட்டை போல வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. எரிபொருளில் உள்ள கந்தகத்திலிருந்து உருவாகி சைலன்சர் வழியாக வெளியேறும். வேகமாக முடுக்கிய பிறகு எப்போதாவது ஒருமுறை வந்தால் விட்டுவிடலாம். தினமும் வந்தால் எரிபொருள் கலவையையும், புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரியும் இதே வாடையைத் தரும். பேட்டரி சூடாகவோ உப்பியோ இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

பாகு காய்ச்சியது போன்ற இனிப்பு வாடை பலரை ஏமாற்றிவிடும். கேட்பதற்கு நல்லதாகத்தானே இருக்கிறது. அது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிவதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹீட்டர் போட்டதும் கூடும். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையான மங்கல் படியும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பிசுபிசுப்பு இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் நச்சுப் பொருள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்காதபடி துடைத்துவிடுங்கள்.

வீச்சம் என்றால் ஏதோ செத்துக் கிடக்கிறது. பெரும்பாலும் எலி. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பரின் அடியில், வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் இருக்கிறது. அங்கேயும், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரின் பெட்டியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர்களில் கடித்த தடம் இருந்தால் ஓட்டுவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

படி 4: முடை வாடை, அதாவது ஈரம்

நின்று தேட வேண்டிய இடம் இதுதான். காருக்குள் வரும் தொல்லைகளில் அடிக்கடி வருவதும், தவறாகவே புரிந்துகொள்ளப்படுவதும் இந்தப் பூஞ்சை வாடை.

ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாபரேட்டர் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது. அந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நிறுத்திய வண்டிக்கடியில் நீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. புழுக்கமான நாளில் சொட்டாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். குழாய் அடைத்திருந்தால் நீர் உள்ளேயே தேங்கி, முன்பக்கத் தரைவிரிப்பின் அடிக்கு வந்துவிடும். குழாயில் அடைப்பு இல்லாவிட்டாலும், ஈரமான எவாபரேட்டரில் தூசி படிந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஏசி போட்ட முதல் நிமிடத்தில் அழுக்குக் காலுறை வாடை வந்து, பிறகு குறைந்தால் இதுதான் காரணம்.

முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் இது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். எப்படிக் கழற்றுவது என்று வண்டியின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கறுத்தோ ஈரமாகவோ இலைதழையோடோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கழுவிப் போடுவது சிக்கனம் போலத் தோன்றும். காகித ஃபில்டர் அதைத் தாங்காது. அடுத்து எவாபரேட்டருக்கென்றே விற்கும் நுரையால் சுத்தம் செய்ய வேண்டும். அதை சர்வீஸ் சென்டரிடம் விடுவது நல்லது. இனி, போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு, வெளிக்காற்றில் விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். எவாபரேட்டர் காய்ந்துவிடும். எப்போதும் உள்சுழற்சியிலேயே ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வாடை போகவில்லையா? அப்படியென்றால் ஏசி மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். என் வண்டியில் இரண்டு முறை ஏசியைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு முறையும் நான்கே நாளில் வாடை திரும்பியது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே வாடை அடித்ததை என் தாளில் நானே எழுதி வைத்திருந்தேன், ஆனால் படித்துப் பார்க்கவில்லை. கடைசியில் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி நான்கு விரல் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. பின்விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாகப் பொருந்தாததால், மழை பெய்யும்போதெல்லாம் நீர் ஒழுகியிருக்கிறது. மேலே விரித்திருந்த விரிப்பு மட்டும் காய்ந்தே இருந்தது.

அதனால் தொட்டுப் பார்ப்பது மேற்பரப்போடு நிற்கக் கூடாது. மிதியடியை எடுத்துவிட்டு, தரைவிரிப்பின் மேல் டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். அடியில் இருக்கும் பஞ்சில் ஈரம் இருந்தால் காகிதம் சொல்லிவிடும். பிறகு ஸ்டெப்னிக் குழி, கதவு ரப்பர்கள், மேற்கூரைக் கண்ணாடி இருந்தால் அதன் நீர்வடி குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். உலர்ந்த வண்டியின் மேல் ஒருவர் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. வண்டி முதல் கை இல்லையென்றால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். பெல்ட்டில் நீர்மட்டக் கறை, இருக்கைத் தண்டவாளத்தில் வண்டல், திருகுகளில் துரு ஆகியவை சேர்ந்து இருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகு பேச வேண்டியது விற்றவரிடம்.

படி 5: புட்டிச் சோதனை

இருக்கையா, தரையா, மேற்கூரைத் துணியா என்று பிரிக்க முடியாவிட்டால் டிஷ்யூக்களை லேசாக நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை அழுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு தனித்தனிப் புட்டிகளில் போட்டு மூடி, எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். சிறிது நேரம் வெயிலில் வைத்துவிட்டு, வண்டிக்கு வெளியே ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். எது மோசம் என்று உடனே தெரியும். மேற்கூரைத் துணி என்றால் சிகரெட் புகையாக இருக்கலாம். இருக்கையில் புளித்த வாடை என்றால் கொட்டிய பால். பால் பஞ்சுக்குள் இறங்கியிருக்கும். மேலே துடைத்தால் போகாது. நொதிகள் கலந்த துப்புரவுத் திரவத்தை, பால் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஊறவிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஓசோன் கருவியை வைத்து எல்லா வாடையையும் ஒரே நாளில் போக்குவதாகச் சிலர் சொல்வார்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரையும் அரிக்கும். ஈரமோ அழுக்கோ உள்ளே இருக்கும்வரை வாடை திரும்பி வரும். மூலத்தை எடுத்த பிறகு மிஞ்சும் லேசான வாடைக்குச் சமையல் சோடாவும் கரித்தூள் பையும் போதும்.

படி 6: வாரன்டி இருக்கும்போது

கசிவு, ஒயர், பிரேக் என்று எது தெரிந்தாலும் நீங்களே பிரிக்காதீர்கள். படமெடுத்து, உங்கள் தாளையும் சேர்த்து சர்வீஸ் சென்டரிடம் கொடுங்கள். புகாரை வேலைச்சீட்டில் எழுத வையுங்கள். "ஏசி போட்ட முதல் நிமிடம், வெளிக்காற்றிலும் உள்சுழற்சியிலும், புளித்த வாடை" என்ற ஒரு வரி போதும். வண்டியை நீங்கள் ஓட்டிச் சேரும்போது வாடை அடங்கியிருக்கலாம். அதனால் முந்தைய இரவே விட்டுவிட்டு, காலையில் முதல் முறை கதவு திறக்கும்போது அவர்கள் முகரட்டும் என்று கேளுங்கள்.

தரைவிரிப்பு நனைந்திருந்தால் அதைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சையும் முழுக்கக் காயவைத்த பிறகே திரும்பப் போடச் சொல்லுங்கள். வண்டி கைக்கு வந்ததும் ஒரு வாரம் படி 1-ஐத் தினமும் காலையில் செய்து பாருங்கள், நடுவில் ஒரு நல்ல மழையும் பெய்தால் இன்னும் நல்லது.