சில வேளைகளில் மட்டும் இறங்கும் பிரேக் பெடல்: காரணத்தை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

கொழும்பின் காலி வீதி நெரிசலில் பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். கராஜுக்குக் கொண்டுபோனால் கல்லுப்போல் நிற்கும். மெக்கானிக் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஓங்கி மிதித்ததுதான் பிழை. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விற்றுவிட நினைத்த பழைய சன்னியையும் கொரோலாவையும் பலர் வைத்தே ஓட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு வாகனம் உங்களிடம் இருந்தால் இது உங்களுக்குத்தான்.

முதலில் ஒரு நிபந்தனை. பெடல் ஒரு தடவையாவது தரை வரை போயிருந்தால், அல்லது சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால், வாகனத்தை வீதியில் ஓட்டிச் சோதிக்க வேண்டாம். இங்கே சொல்லும் சோதனைகள் எல்லாம் சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நிறுத்தியபடியே செய்யக்கூடியவை.

படி 1: எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

சிலர் இதைத் தாண்டிப் போய் நேராகப் பாகம் மாற்றுகிறார்கள். வந்து வந்து போகும் கோளாறில் பாகத்தைக் காட்டித் தருவது அது வரும் சூழ்நிலைதான். நான்கு கேள்விகள் போதும்.

சமிக்ஞை விளக்கில் காலை வைத்தபடி நிற்கும்போது இறங்குகிறதா? அப்படியானால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் சிலிண்டர் அது.

முதல் மிதி ஆழமாகப் போய், உடனே மிதித்த இரண்டாவது மிதி உயரத்தில் நிற்கிறதா? எப்போதும் அப்படியென்றால் பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். குழி விழுந்த வீதியிலோ வளைவிலோ ஓடி வந்த பிறகு மட்டும் என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். பேரிங் தளர்ந்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் ஆடி, அதை அழுத்திப் பிடிக்கும் பேடைப் பின்னால் தள்ளிவிடும். அந்த இடைவெளியை நிரப்பவே முதல் மிதி செலவாகிறது.

நுவரெலியாவிலிருந்தோ கடுகண்ணாவையிலிருந்தோ இறங்கி வரும்போது மட்டும் பெடல் பஞ்சுபோல் ஆகி, ஆறிய பின் சரியாகிறதா? பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது.

பெடல் இறங்காமல், சில நேரம் மட்டும் கடினமாகி வாகனம் நிற்க மறுக்கிறதா? அது பூஸ்டரின் கோளாறு: எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம் அது. படி 4-க்குப் போங்கள்.

படி 2: கண்ணால் பாருங்கள்

கால் மிதியடி பெடலின் அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அதுவும் நடக்கிறது. பிறகு பொனெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள பிரேக் ஒயில் கிண்ணத்தின் அளவைப் பாருங்கள். மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பொனெட்டுக்குள் தேட வேண்டாம். அதன் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது.

பேட் தேயத் தேய ஒயில் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. வாரத்துக்கு வாரம் இறங்கினால் கசிவு. பின் சக்கரங்களின் உட்புறம், ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் ஒயில் குறைகிறது என்றால் அது பூஸ்டருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கலாம்.

நிறம் கறுத்திருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. டொட் 3 (DOT 3) வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 ஆகிவிடும். டொட் 4 ஒயிலுக்கு இவை 230, 155. மலையிறக்கத்தில் பெடல் பஞ்சாவதற்கு இந்த வித்தியாசமே போதும். மட்டம் குறைந்ததென்று எஞ்சின் ஒயிலையோ வேறு எதையோ ஊற்றிவிடாதீர்கள்: சிலிண்டர் ரப்பர்கள் அத்தனையும் ஊதிப் பழுதாகும்.

படி 3: மெல்லிய மிதிச் சோதனை

கராஜில் தப்பிய கோளாறு பெரும்பாலும் இங்கே அகப்படும்.

எஞ்சினை நிறுத்துங்கள். பெடலைப் பல தடவை மிதித்துப் பூஸ்டரில் தேங்கிய வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள்; பெடல் உயர்ந்து கடினமாகும். இப்போது சமிக்ஞை விளக்கில் வாகனம் உருளாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். பெடல் நின்றால் நல்லது. மெதுவாக இறங்கினால், விட்டுவிட்டு இம்முறை பலமாக மிதியுங்கள். பலமாக மிதிக்கும்போது நிற்கிறது, மெல்ல மிதிக்கும்போது இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி.

காரணம் எளிது. அந்த ரப்பர் கப்பின் விளிம்பைச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைப்பது ஒயிலின் அழுத்தமே. பலமாக மிதித்தால் அழுத்தம் கூடி, தேய்ந்த விளிம்பும் இறுக ஒட்டிக்கொள்ளும். மெல்ல மிதித்தால் ஒட்டாது. ஒயில் விளிம்பைத் தாண்டிப் பின்னால் வந்துவிடும். சுவரில் துருப்புள்ளி இருந்தால், விளிம்பு அந்தப் புள்ளியில் வந்து நிற்கும் தடவைகளில் மட்டும் கசியும். சூடேறிய எஞ்சின் பக்கத்தில் ஒயில் இளகுவதும் சேர்ந்துகொள்ளும். நெரிசலில் வருவதும் கராஜில் மறைவதும் இதனால்தான்.

உறுதிப்படுத்த ஒரு துணை வேண்டும். அவர் பெடலை மெல்லப் பிடித்திருக்க, நீங்கள் கிண்ணத்தின் மூடியைத் திறந்து சற்று விலகி நின்று பாருங்கள். மிதிக்கத் தொடங்கும் கணத்தில் ஒயில் ஒரு தடவை குமிழிடுவது இயல்பு. பெடல் இறங்க இறங்க ஒயில் தொடர்ந்து ஊறி எழுந்தால், கப்பைத் தாண்டித்தான் வருகிறது. ஒயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும்.

எஞ்சின் ஓடும்போது இதே சோதனையைச் செய்து பயப்படாதீர்கள். பூஸ்டர் உதவும்போது நல்ல வாகனத்திலும் பெடல் சற்று இறங்கும்.

படி 4: பூஸ்டர்

வெற்றிடத்தைத் தீர்த்த பின் பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாவிட்டால் வெற்றிட ஹோஸில் வெடிப்பா, அதன் ஒருவழி வால்வு பழுதா என்று பாருங்கள். இவை இரண்டும் பூஸ்டரைவிட மலிவு.

படி 5: பாகம் வாங்குவதும் பொருத்துவதும்

மாஸ்டர் சிலிண்டர்தான் என்று முடிவானால், கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் பழைய சிலிண்டரையே கையில் கொண்டுபோங்கள். உட்குழாயின் அளவு பெரும்பாலும் உடலிலேயே பதித்திருக்கும். ஒரே மாடலுக்கு இரண்டு அளவுகள் வந்திருக்கலாம். ரப்பர் கிட் மலிவுதான், ஆனால் சுவரில் விரலுக்குத் தட்டுப்படும் துருக்குழி இருந்தால் கிட் வாங்குவது காசைக் கரைப்பது. பாவித்த சிலிண்டரை நான் வாங்கமாட்டேன்: காய்ந்து கிடந்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவருக்கும் தெரியாது.

பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை (காற்றெடுப்பது) முதல் தடவை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய சிலிண்டரை வைத்துக்கொண்டே காற்றெடுத்தால், பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். வழமையாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் கப் நுழைந்து கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் போதும். வேலை முடிந்ததும், கராஜை விட்டு வெளியேறும் முன், படி 3-ஐ அங்கேயே அவர் முன்னிலையில் மீண்டும் செய்துபாருங்கள்.