கௌச்சர் நோயின் வகைகளைக் கண்டறிவது எப்படி?

கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் ஒரு குழந்தைக்கு இடது விலாவின் கீழ் வீங்கிய மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டு, இரத்தம் குறைவாகவும் இருந்தால், நீலகிரிப் பழங்குடியினரிடம் அதிகம் காணப்படும் அரிவாள் அணுச் சோகையை முதலில் சந்தேகிப்பது நியாயமே. அது இல்லையென்று தெரிந்தபின், கௌச்சர் என்னும் பரம்பரை நோயில் குறைந்துபோகும், ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியின் அளவை இரத்தத்தில் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இந்நோயின் முதல் வகை எந்த வயதிலும் தலைகாட்டும். எலும்பு வலியும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவும் உண்டு. இரண்டாம் வகை கைக்குழந்தையிலேயே விழுங்க இயலாமை, உடல் விறைப்பு என்று விரைந்து முற்றும். மூன்றாம் வகையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் பொம்மையைக் காட்டும்போது, கண்ணைச் சட்டெனத் திருப்ப முடியாமல் குழந்தை தலையை வெட்டித் திருப்புகிறதா என்று கவனியுங்கள்.

இரு வாரத்துக்கொருமுறை சிரைவழி ஏற்றும் நொதி மருந்து மண்ணீரலைச் சுருக்கும், ஆனால் இரண்டாம், மூன்றாம் வகைகளில் பாதிக்கப்படும் மூளையை எட்டாது. ஆகவே வகை தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டாம்.