கல்யாணப் பத்திரிகையில் ஒரு தனிம அட்டவணை

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். தனிம அட்டவணையை ஒப்பிக்க விடுவதில்லை. நான் ஒப்பித்தவள்தான், பொட்டாசியம் ஏன் சோடியத்துக்குக் கீழே இருக்கிறது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பதினாறு சீட்டுகள் செய்யுங்கள். (மஞ்சள் தடவியதைத் தொட்டால் என் மாமியார் சண்டைக்கு வருவார். உங்கள் வீட்டிலும் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.) ஒவ்வொன்றிலும் பெயரும் அணு எடையும் எழுதுங்கள்: லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்ஸிஜன் 16, ஃப்ளூரின் 19, சோடியம் 23, மெக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, பொட்டாசியம் 39, கால்சியம் 40. ஹைட்ரஜன் எந்தக் குடும்பத்திலும் ஒழுங்காக ஒட்டாது, விட்டுவிடுங்கள். மந்த வாயுக்களும் (ஹீலியம், நியான், ஆர்கான் போன்றவை) இப்போது வேண்டாம். 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீஃப் தனிமங்களை அட்டவணையாக அடுக்கியபோது அவர் கையிலும் அவை இல்லை.

சீட்டின் மூலையில் இணைதிறனைக் குறியுங்கள், அதாவது ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும் என்ற எண்ணை. தண்ணீரில் ஆக்ஸிஜனுக்கு 2, அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு 3, மீத்தேனில் கார்பனுக்கு 4. இப்போது எடைப்படி ஒரே வரிசையில் பரப்பி, மூலை எண்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 1, 2, 3, 4, 3, 2, 1. மறுபடியும் 1, 2, 3, 4, 3, 2, 1. அப்புறம் 1, 2. இரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் வரிசையை மடக்குங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் தானாக ஒன்றன்கீழ் ஒன்று வந்து உட்காரும். 7-ஐயும் 39-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 23, அதாவது சோடியம். பிள்ளைகள் கத்துவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, காலி இடம். துத்தநாகம் 65-க்குப் பிறகு அன்று தெரிந்திருந்தது ஆர்சனிக் 75. அதன் குணம் பாஸ்பரஸைப் போன்றது, அதனால் அதன்கீழ்தான் வைக்க வேண்டும்; நடுவில் இரண்டு வெற்றுச் சீட்டுகளை வையுங்கள். மெண்டலீஃப் அவற்றுக்கு 68, 72 என்று எடையும் சொன்னார். 1875-ல் கேலியம் வந்தது, 69.7. 1886-ல் ஜெர்மானியம், 72.6. கேலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் அதன் அடர்த்தி 4.7 என்றார். கேலியத்தைக் கண்ணால் பார்க்காத மெண்டலீஃப், 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று எழுதினார். சுத்தப்படுத்தி மறுபடி அளந்தார்கள். 5.9!

கடைசியில் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9 சீட்டுகளைக் கொடுங்கள். எடைப்படி வைத்தால் அயோடின் கந்தகக் குடும்பத்தில் போய் விழும். மெண்டலீஃப் குணத்தை நம்பி இடம் மாற்றினார். டெல்லூரியத்தின் எடையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றும் நினைத்தார். எடை சரிதான். 1913-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லே எக்ஸ் கதிர்களை வைத்து, வரிசையைத் தீர்மானிப்பது அணு எண் (அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) என்று காட்டினார்: டெல்லூரியம் 52, அயோடின் 53. இயற்கையில் கிடைக்கும் டெல்லூரியத்தில் 128, 130 நிறையுள்ள ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) அதிகம், அதனால்தான் சராசரி எடை ஏறிவிடுகிறது.

இதே சிக்கல் ஆர்கானிலும் உண்டு. 39.95 என்று எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் காபி குடிக்கப் போங்கள்.